வெறுங்கையோடு போக முடியாத வீடு

அன்புள்ள டொக்டரம்மாவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உழவு பழகாத மாடு இழுத்த சால் மாதிரி வரிகள் மேலும் கீழுமாகப் போகும். 'ழ' எழுதினால் வால் சுருட்டிய பல்லி போல வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மாட்டுக் கயிற்றைப் பிடித்தே பழகிய உங்கள் ராமையாவின் கை இப்போது பேனா பிடித்திருக்கிறது. நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இந்த முதல் பந்திக்கே ஒரு மணித்தியாலம் போயிற்று.

எங்கள் சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைக்கிறார்கள். நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. இப்போது தீப்பெட்டியை வாசிக்கிறேன், உரப்பையை வாசிக்கிறேன். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

போன கிழமை மழைக்குப் பிறகு கோழிக்கூட்டைத் திருத்தப் போனேன். கூட்டுக்கு மேலே மறைப்பாகப் போட்டிருந்த பலகையைத் தூக்கித் துடைத்தபோது கீழ்ப்பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. உங்கள் வைத்திய நிலையத்தைக் காலி செய்த நாளில் நான் கேட்டு வாங்கி வந்த பலகை அது. ஈர மண்ணில் குந்தியிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

'மாட்டின் அருகே நிற்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பிலேயே நிற்க வேண்டும்.'

முழுவதையும் வாசித்து முடித்தேன் என்று துள்ளினேன். பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது உறைத்தது. அந்தப் பலகையை நான்தானே ஆணி அடித்து மாட்டினேன்? "இதில என்னம்மா எழுதியிருக்கு?" என்று அன்றைக்குக் கேட்டேன். "எங்களைக் காப்பாத்திற மந்திரம், அண்ணை" என்றீர்கள். சிரிக்கவில்லை. இப்போது அதே பலகையை மடியில் வைத்து, அதன் மேல் கடதாசியைப் போட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அரசாங்க மாட்டு டொக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கிளிநொச்சியில் மெயின் ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே அந்த நிலையத்தை நீங்கள் திறந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். முன்பக்கம் மருந்து அறை, பின்பக்கம் தகரக் கொட்டில், அதற்குள் மாட்டை நிறுத்திக் கட்ட மரக்கூண்டு. மலையகத்திலிருந்து பொடியனாக வந்து இந்த மண்ணில் எத்தனையோ பேருக்கு வேலை செய்திருக்கிறேன். "அண்ணை, கதிரையில இருங்கோ" என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

திறந்த சில நாளில் காப்புறுதி முகவர் சுதன் வந்தார். "மிஸ், இவ்வளவு நாளும் அரசாங்கம் உங்களுக்குப் பின்னால நிண்டது. இனி ஆரும் இல்லை" என்று தொடங்கி, மேசையில் மூன்று பத்திரங்களை விரித்தார். எனக்கும் விளங்கவேண்டும் என்று நீங்கள் சொன்னதால் என்னைப் பார்த்தே விளக்கினார்.

"டொக்டர் போடுற ஊசியில, சொல்லுற வைத்தியத்தில பிழை வந்தா, அதுக்கு ஒண்டு. வாற போற சனம் எங்கட இடத்தில வழுக்கி விழுந்தா, ஏதும் உடைஞ்சு ஆருக்கும் காயம் பட்டா, அதுக்கு மற்றது. சம்பளத்துக்கு நிக்கிற உங்களை மாடு உதைச்சா, அதுக்கு மூண்டாவது."

"என்னை உதைச்சா எனக்கா காசு? மாட்டுக்கு இல்லையா?" என்று கேட்டேன். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "ராமையா அண்ணையை உதைச்சா மாட்டுக்குத்தான் காப்புறுதி வேணும்" என்றீர்கள்.

போகும்போது சுதன் இன்னொன்றும் சொன்னார். வைத்தியப் பிழைக்கான பத்திரம், யாராவது நட்டஈடு கேட்டு வருகிற நாளில் நடப்பில் இருக்க வேண்டுமாம். விழுந்து எழும்பினதுக்கான பத்திரம், அது நடந்த நாளில் இருந்தால் போதுமாம். ஒன்று கேட்கிற நாளைப் பார்க்கும், மற்றது நடந்த நாளைப் பார்க்கும். இது என் தலையில் ஏறவே இல்லை. நீங்கள் மருந்துப் போத்தல்களை அடுக்கிக் காட்டி விளக்கினீர்கள். அப்போதும் ஏறவில்லை. பிறகு ஏறியது, அம்மா. நீங்கள் போன பிறகு.

கண்டாவளைச் சிவபாதம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் பசுவை ஏற்றி வந்த காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விதைப்புத் தொடங்க இருந்த நேரம். பசுவுக்கு மடிவீக்கம். நான் பின்னால் வாலைப் பிடித்தேன், நீங்கள் கழுத்தில் ஊசி வைத்தீர்கள், சிவபாதம் வழக்கம்போல முன்னால் நின்று தலையை அணைத்துக்கொண்டார். அவரை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. இங்கே எவரும் தன் மாட்டை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க மாட்டார்கள். பசு ஒரு உலுக்கு உலுக்கியது. கூண்டின் முன் குறுக்கு மரம் அப்பளம் போல உடைந்தது. வெளியே நல்ல பச்சைப் பெயின்ற், உள்ளே முழுவதும் கறையான். பசு மரத்தோடு சேர்த்து அவரைச் சுவரில் நெரித்தது. தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை உங்கள் மடியில் வைத்திருந்தீர்கள். அவர் அப்போதும் "டொக்டர், பசுவுக்கு மிச்ச மருந்தைப் போடுங்கோ" என்றார். அவரை ஏற்றி அனுப்பியதும் போட்டீர்கள்.

அன்று பின்னேரமே சுதனுக்குப் போன் எடுத்தீர்கள். அவர் ஓடி வந்தார். அதன் பிறகு மாட்டுக்குக் கட்டிய கூண்டில் நாங்கள்தான் அடைபட்டது போல ஆனது.

"மிஸ், இனிக் கவனமாக் கேளுங்கோ. கம்பனியைக் கேளாமல் பிழை எங்கட எண்டு ஒருத்தரிட்டயும் சொல்லக் கூடாது. ஒண்டும் குடுக்கக் கூடாது. குடுக்கிறன் எண்டு வாயால சொல்லவும் கூடாது. சொன்னா, கம்பனி கையைக் கழுவிப்போடும். பிறகு அந்த மனிசனுக்கும் ஒண்டும் கிடைக்காது."

"நான் போய்ப் பாக்க வேணுமே, சுதன்."

"பாக்கலாம் மிஸ். ஆனா உங்கட வாய் சும்மா இருக்குமோ?"

நீங்கள் பத்திரங்களை மடித்து வைத்தீர்கள். பிறகு, "இராது" என்றீர்கள். "அதோட வெறுங்கையோட எப்பிடிப் போறது?"

"ரெண்டு தோடம்பழம் கொண்டுபோனாப் பரவாயில்லை."

"ரெண்டு தோடம்பழத்தோடயோ காலை முறிச்ச வீட்டுக்குப் போறது? மனிசர் செய்யிற வேலையோ அது?"

"அதுக்கு மேல கொண்டுபோனா, பிழையை ஒத்துக்கொண்டு குடுத்தது எண்டு நாளைக்கு எழுதுவாங்கள், மிஸ்."

"அப்ப நான் போய்ட்டு வாறேன்" என்றேன் நான். சுதன் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூடாது அண்ணை. நீங்க டொக்டரின்ர ஆள். நீங்க சொன்னாலும் டொக்டர் சொன்ன மாதிரித்தான்."

உங்கள் ஆள் என்பதில் எனக்கு எப்போதும் பெருமை. அன்றைக்கு அது கழுத்துக் கயிறாக இறுகியது.

செவ்வாய்க்கிழமைகளில் கண்டாவளைப் பக்கம் மாடு பார்க்கப் போவோம். நீங்கள் ஸ்கூட்டியை ஓட்டுவீர்கள், நான் பின்னால் மருந்துப் பெட்டியோடு இருப்பேன். ஹாண்டிலில் ஒரு பை நிறையத் தோடம்பழம் தொங்கும். சிவபாதத்தின் வாசல் படலையடிக்கு வந்ததும் நிறுத்துவீர்கள். ஆனால் எஞ்சினை நிறுத்த மாட்டீர்கள். உள்ளே மாமரத்துக்குக் கீழே அவர் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பது தெரியும். உங்கள் ஒரு கால் நிலத்தில் ஊன்றியிருக்கும், மற்றக் கால் ஊன்றாது. கொஞ்சம் நிற்போம். பிறகு ஸ்கூட்டியைத் திருப்பிவிடுவீர்கள். சந்தி கடந்ததும் பையை எடுத்து என்னிடம் தந்து, "வீட்டை கொண்டுபோங்கோ, அண்ணை" என்பீர்கள். அந்த மாரி முழுவதும் சிவபாதத்துக்கு வாங்கிய பழங்களை என் பேரப்பிள்ளைகள் தின்றார்கள். தோலை உரிக்கும்போது எழும் வாசம்கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

கோயிலுக்குச் சிவபாதமும் நானும் ஒரே வழியால் வருகிறவர்கள். நான் வாய்க்கால் கரையால் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

பலகை மாட்டியதும் அந்த நாட்களில்தான். கம்பனி சொல்லுகிறது என்று சுதன் எழுதுவித்துக் கொண்டுவந்தார். அது தொங்கிய நாளிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், கயிற்றை என் கையில் தருவார்கள், வாசலுக்குப் போய் நிற்பார்கள். மாடுகள் தங்கள் ஆட்களைக் காணாமல் மிரண்டன. நீங்களும் நானும் மட்டும் கொட்டிலுக்குள் மல்லுக்கட்டினோம். வாசிக்கத் தெரியாததால் எனக்குக் காரணம் விளங்கவில்லை. சனம் எங்களை வெறுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பரமேஸ், சிவபாதத்தின் மனைவி, கோபக்காரி. நீங்கள் வரவில்லை என்ற கோபத்தில்தான் அவா லோயரிடம் போய் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பினா. கடிதத்தைக் கண்டதும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லது. கேட்டாத்தான் குடுப்பாங்கள்" என்றீர்கள். முகத்தில் நிம்மதியும் இருந்தது, அடி விழுந்தது போலவும் இருந்தது.

ஆனால் கேட்டதும் கொடுக்கவில்லை. முதல் பத்திரக்காரர், ஊசி சரி, வைத்தியத்தில் பிழை இல்லை, ஆகவே எங்களுடையது அல்ல என்றார்கள். மூன்றாம் பத்திரம், சிவபாதம் சம்பள ஆள் அல்ல என்றது. இரண்டாம் பத்திரமோ, அவர் மாட்டைப் பிடித்து வேலை செய்தபடியால் வந்துபோகிற சனத்தில் சேரமாட்டார், உங்கள் ஆளாகத்தான் எடுக்கவேண்டும் என்றது. "மூண்டு குடைக்கு நடுவில நிண்டு நனையிறம், அண்ணை" என்றீர்கள்.

அதை விசாரிக்கக் கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். சிவபாதத்தின் வீட்டுக்கு வழி காட்ட நான் போனேன். வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு போனேன். அவர் உள்ளே போனார், நான் படலைக்கு வெளியே நின்றேன். பரமேஸ் கண்டுவிட்டா.

"என்ன ராமையா அண்ணை, வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வந்தா உங்கட காலும் முறிஞ்சிடுமோ?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர் சிவபாதத்திடம், "டொக்டர் உங்களைப் பிடிக்கச் சொன்னவவோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. என்ர மாடு. பிடிச்சன்."

"அப்ப, அவவுக்கு உதவியா வேலை செய்தது எண்டு எழுதலாமோ?"

"வேலையோ?" பரமேஸ் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தா. "தன்ர மாட்டைத் தான் பிடிக்கிறது வேலையோ? ஐயா, உங்கட பிள்ளைக்கு ஊசி போடேக்க மடியில வைச்சுப் பிடிச்சனீங்களோ இல்லையோ?"

"பிடிச்சன்தான்."

"அதுக்கு ஆஸ்பத்திரி உங்களுக்குச் சம்பளம் தந்ததோ?"

அவர் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார், அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குப் பரமேஸைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் அதையும் எழுதுவார் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திரும்பி வந்து உங்களிடம் நடித்துக் காட்டினேன். அகப்பைக்குப் பதிலாக வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தீர்கள். "எங்களுக்கு எதிரா நிக்கிறவதான் எங்களைக் காப்பாத்திறா, பாருங்கோ" என்றீர்கள்.

முடிவு வருவதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் செத்தவீட்டுக்குச் சிவபாதம் ஊன்றுகோலோடு வந்தார். பரமேஸ் வரவில்லை. அவர் உள்ளே வந்து உங்களைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து அமர்ந்து, மெல்லிய குரலில், "நான் வந்து பாத்திட்டன், ராமையா. அவா ஒருக்கா வந்து பாக்கேல்லையே" என்றார். என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. படலையடி, ஸ்கூட்டி, தோடம்பழம் எல்லாம். முற்றத்துக்கு அப்பால் சுதன் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். விடயம் இன்னும் முடியவில்லை. நான் சொல்லும் ஒரு சொல்லால் அந்த மனிதருக்கு வரவேண்டியது வராமல் போய்விடக் கூடாது. உங்களுக்கு முன்னாலேயே, உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியாமல் இருந்தேன், அம்மா. அப்படி வாய் கட்டி நான் என்றும் இருந்ததில்லை.

இனி எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்கள் இல்லை, நிலையம் இல்லை, பத்திரங்களைப் புதுப்பிக்கவும் யாரும் இல்லை. ஆனால் சுதன் சொன்னார், "அண்ணை, மரம் உடைஞ்ச நாளில பத்திரம் இருந்தது. அது காணும்." அப்போதுதான் உங்கள் மருந்துப் போத்தல் பாடம் எனக்கு விளங்கியது. நடந்த நாளைப் பார்க்கிற பத்திரம், ஆள் போன பிறகும் நிற்கும்.

பரமேஸ் கேட்ட கேள்வியால் சிவபாதம் வேலை ஆள் அல்ல என்று முடிவாகி, இரண்டாம் பத்திரம் கொடுத்தது. போன கிழமை சுதன் என் வீட்டுக்கே வந்து, "எல்லாம் முடிஞ்சுது. இனி நீங்க என்ன கதைச்சாலும் ஒருத்தரும் கேக்காங்கள்" என்றார். பலகையை வாசித்த மறுநாள் அது. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்ப் பை நிறையத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு கண்டாவளைக்குப் போனேன்.

படலையைத் திறந்து உள்ளே போனேன். சிவபாதத்துக்கு ஒரு கால் மற்றதை விடக் கட்டையாகிவிட்டது. சேற்றில் இறங்க முடியாது. வந்த காசில் வீட்டுக்கு முன்னால் தவிடு, புண்ணாக்குக் கடை போடப் போகிறார். கொட்டில் பாதி எழும்பியிருக்கிறது. பரமேஸ் பையைப் பார்த்தா.

"இது ஆர் தந்தது?"

"டொக்டரம்மா" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவோ நாள் அடைத்துக் கிடந்த மதகு திறந்தது போலச் சொன்னேன். பரமேஸ் கேட்டுக்கொண்டே இருந்தா.

"அப்ப வாயைக் கட்டிப் போட்டவங்கள் எண்டாவது சொல்லியிருக்கலாமே?"

"கட்டிப் போட்டதையும் சொல்லக் கூடாதும்மா."

"செவ்வாய்க்கிழமைகளில படலையடியில நிண்டது?"

"கண்டீங்களா?"

"காணாமல் என்ன? இந்த மனிசன் உண்மையாத்தான் ஏலாமல் கிடக்கிறாரோ எண்டு கம்பனிக்கு வேவு பாக்க வந்தவா எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் லோயரிட்டப் போனனான். ஒருக்கா இறங்கி வந்திருந்தா நாங்க ஏன் கேக்கப் போறம்?"

வந்திருந்தால் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் கடைக் கொட்டில் எழும்பியிருக்காது. இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் எனக்கு நேராக நிற்கவில்லை, அம்மா. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

சிவபாதம் கண்ணைத் துடைத்தார். "நீர் எழுதப் படிக்கிறீர் எண்டு கேள்விப்பட்டன். அவவுக்கு எழுதும் ராமையா. எனக்குக் கோவம் இல்லை எண்டு எழுதும்."

"எனக்கு இருக்கு எண்டும் எழுதுங்கோ" என்றா பரமேஸ். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனா. திரும்பி வரும்போது பைக்குள் ஒரு போத்தல் பால் இருந்தது. அதே பசுவின் பால். இன்னொரு கன்று போட்டிருக்கிறதாம்.

நான் அவா முகத்தைப் பார்த்தேன்.

"கோவம் போகேல்லை" என்றா. "வெறும் பையைத் திருப்பிக் குடுக்கிறதில்லை, அதுக்குத்தான். போத்தலைக் கொண்டுவந்து தாங்கோ."

வீடுவரை அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். சூடு ஆறவில்லை. இரண்டு பேருடைய சொல்லையும் ஒரு எழுத்துக் குறையாமல் மேலே எழுதிவிட்டேன். 'கோவம்' என்பதற்கு ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பிள்ளையிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதை வெறுமனே கொண்டுபோக முடியாது, தேன் நிரப்பிக் கொண்டுபோவேன். வருகிற வெள்ளிக்கிழமை பரமேஸின் கோபம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டு, வந்த கையோடு உங்களுக்கு எழுதுவேன். அதற்குள் 'ழ' கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் ஆள்
ராமையா